பெயிண்டர் வீட்டுச் சுவர்

அந்த மனுஷரை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது கோபம். இறந்துபோனவரைப் பற்றி எழுதுவதுபோல உருகி எழுத எனக்கு வராது. அவர் இறக்கவும் இல்லை. வியாசர்பாடியில் மகள் வீட்டில் இருக்கிறார். பஸ் மாறிப் போனால் ஒன்றரை மணி நேரம். இரண்டு வருடத்துக்கு மேலாக நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று என் மனைவி கேட்டால் அவள்மேல் எரிந்து விழுகிறேன்.

எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி, நெட்டுக்குப்பத்துக்குத் திரும்பும் வழியில் எங்கள் தெரு. அவர் வீடு கடைசி. ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருந்திருக்கும், தெருவுக்கு அவர் பெயிண்டர். ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஆள், ஒல்லி, காதில் எப்போதும் ஒரு பென்சில். வீடுகளுக்கு வெள்ளையடிப்பார், சிமெண்ட் பூசுவார், சுவர் விளம்பரம் எழுதுவார். திருவொற்றியூர் ஹைரோட்டில் கம்பி, பனியன், பள்ளிக்கூடம், கட்சி என்று ஆளுயர எழுத்தில் எங்கே பார்த்தாலும் பாதி அவர் எழுதியது. அந்தக் கையில் கோடு கோணாது. செய்கிற வேலையை அரைகுறையாக விடவும் தெரியாது. கொஞ்சம் அரைகுறையாகச் செய்கிற ஆளாக இருந்திருந்தால் எங்கள் தெரு இன்றைக்கு உருப்பட்டிருக்கும்.

ஊர்ச் சுவரையெல்லாம் மினுக்கியவர் தன் வீட்டுக்கு மட்டும் பெயிண்ட் அடிக்கமாட்டார். எங்கள் பக்கத்தில் கடல் உப்பும் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்து எந்தச் சுவரையும் இரண்டு வருடத்துக்கு மேல் விட்டுவைக்காது. பொருக்குப் பொருக்காக உதிர்ந்து சோற்றுத் தட்டில் விழும். அதற்கு அவர் வேறு வழி வைத்திருந்தார். பழைய காலண்டர். முன்னறையின் நாலு சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை, முடிந்துபோன வருடங்களின் காலண்டர் படங்கள். மைதா மாவில் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து ஒட்டுவார். தினசரிக் காலண்டரின் தாள் தீர்ந்துபோய் மிச்சமாகும் அட்டைகளை அடுக்கிக் கட்டிப் பரணில் போட்டு வைத்திருந்தார், என்றைக்காவது ஆகும் என்று.

கிடைத்ததையெல்லாம் ஒட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் நான் முதல் தடவை உள்ளே போனேன்.  சாக்பீஸ் தூள் தடவிய நூலை நாலு சுவரிலும் இழுத்து அடித்து, அந்தக் கோட்டில் கொண்டுவந்து கன்னியாகுமரிக் கடலையும் சுவிட்சர்லாந்து ஏரியையும் காஷ்மீர்ப் பனியையும் ஒட்டியிருந்தார். தண்ணீரும் வானமும் சேருகிற இடம் ஒரே கோடாக அறை முழுக்கச் சுற்றி வந்தது. எங்கே ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று விரலால் தடவினால்தான் தெரியும். அதற்கு மேல் வரிசையில் முருகன், வேளாங்கண்ணி மாதா, மெக்கா, புத்தர், அய்யப்பன். மெக்காவைத் தவிர எல்லோருக்கும் கண் ஒரே உயரத்தில் இருக்கும்படி மேலும் கீழும் வெட்டிச் சரிசெய்திருந்தார்.

“சாமிங்களுக்குள்ள உசரத் தகராறு வேணாம்னுதான்” என்றார்.

கூரையை ஒட்டி ஒரு கரை ஓடியது. கிட்டப்போய்ப் பார்த்தால் சிவப்பு எண்கள். மாதக் காலண்டர்களிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளையும் பண்டிகை லீவுகளையும் மட்டும் கத்தரித்து வரிசையாக ஒட்டியிருந்தார். இது எதற்கு என்று கேட்டேன். “நமக்குதான் லீவு இல்ல. செவுத்துக்காச்சும் இருக்கட்டுமே நைனா” என்றார். சமையலறையிலிருந்து அவர் மனைவி, “செவுத்துக்கு செய்றதுல கால்வாசி எனக்கு செஞ்சிருந்தா நான் இன்னிக்கி மகாராணி” என்று குரல் கொடுத்தார்.

அத்தனை படங்களிலும் ஒரு எழுத்து கிடையாது. காலண்டர் கொடுத்த கடையின் பெயர், கம்பெனியின் பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுத்தான் ஒட்டுவார். இந்த விஷயத்தில் அவரிடம் யாரும் பேச முடியாது. நான் கன்டெய்னர் யார்டில் வந்துபோகிற பெட்டிகளை எண்ணி டாலி எழுதுகிற வேலை பார்க்கிறேன். ஒரு வருடம் எங்கள் யார்டில் கொடுத்த காலண்டரில் நல்ல கப்பல் படம். வருடம் முடிந்ததும் பத்திரமாகச் சுருட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கண்ணெதிரே கத்தரிக்கோலை எடுத்தார்.

“இதுல மட்டும் பேர வுட்டுடுண்ணா. நம்ப யார்டு. எனக்கு சோறு போடுது” என்றேன்.

“உனக்கு சோறு போடுதுன்னா உன் வூட்ல மாட்டிக்கோ. ஊரு செவுரு பூரா இவனுங்க பேர நான்தான் எயுதிகினு கீறேன். ராவுல கண்ண மூடுனாகூட எயுத்தா வருது. என் வூட்ல எவன் பேரும் வேணாம்.” சரக்கென்று வெட்டினார். எனக்கு வந்த கோபத்தில் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

போகியன்றைக்கு அவரோடு சண்டை போடாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. விடியற்காலையில் அவரவர் வாசலில் பழைய பாய், முறம், கிழிசல் என்று குவித்துக் கொளுத்துவோம். இவர் சைக்கிளில் வந்து இறங்கி, கேட்காமல் கொள்ளாமல் குவியலில் கையை விட்டுக் காலண்டரை இழுப்பார். ஒரு தடவை எரிந்துகொண்டிருந்த குவியலிலிருந்தே ஒன்றை உருவிக் காலால் மிதித்து அணைத்தார். போகிக்குப் போட்டதை எடுத்தால் வீட்டுக்கு ஆகாது என்று எதிர்வீட்டு அக்கா கத்தினாள். அவள் மீன் விற்கிறவள், குரல் நாலு தெரு கேட்கும்.

“போன வர்சம் முச்சூடும் காலைல எய்ந்து இவருக்குதான கும்புடு போட்ட? இப்போ நெருப்புல போடுற. நீ போய் சாமிய பத்தி பேசுற” என்று கருகிய பிள்ளையாரைத் துடைத்துக்கொண்டே கேட்டார். அக்கா முறத்தைத் தூக்கி நெருப்பில் எறிந்துவிட்டு உள்ளே போனாள்.

ஒரு ஜனவரியில், கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்தான். பெயர் வேண்டாம், கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. தெருவில் வீட்டுக்கு ஒரு காலண்டர் கொடுத்துக்கொண்டு வந்தான். வழவழ தாளில் ஒரு அருவி, சுற்றிலும் காடு, ஒரு மான். அருவியைவிடப் பெரிதாகக் கம்பெனியின் பெயர். இவர்கள் விடுகிற தண்ணீரில் இறால் செத்து மிதக்கும். இவர்கள் மானைக் கொடுத்தார்கள். எல்லோரும் வாங்கிக்கொண்டோம், நானும்தான். பெயிண்டரும் வாங்கினார். வாங்கிய கையோடு, அந்த ஆள் வாசலில் நிற்கும்போதே, தேதித் தாளோடு சேர்த்துக் கம்பெனியின் பெயரை வெட்டி அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

“படம் நல்லாகீது. பேருதான் நல்லா இல்ல” என்றார்.

தெருவே சிரித்தது. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவர் முகத்தையும் வாசலில் கிடந்த பெயிண்ட் டப்பாக்களையும் பார்த்துவிட்டுப் போனான்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில், டிசம்பரில், வெள்ளம் வந்தது. வெள்ளம் எங்களுக்குப் புதிதில்லை. கட்டிலைச் செங்கல்மேல் தூக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். அந்த வருடம் கம்பெனி இருக்கும் பக்கத்திலிருந்து தண்ணீர் கறுப்பாக வந்தது. கையை விட்டால் முழங்கை வரை தார் பூசியது போல எண்ணெய். இரண்டு நாள் நின்று வடிந்தபோது எல்லா வீட்டிலும் இடுப்பளவுக்கு ஒரு கறுப்புக் கோடு. பாத்திரம், துணி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போயிற்று. தெருமுனையில் இருக்கும் கைப்பம்பு ஒன்றுதான் எங்களுக்குத் தண்ணீர். அடித்தால் டீசல் வாடை வந்தது. அதில் குளித்த குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. அப்போது என் மனைவிக்கு ஐந்தாம் மாதம். வாந்தி நிற்காமல் அவளை வண்ணாரப்பேட்டையில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

பொங்கல் நெருங்கியது. அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள் என்று முதலில் நினைத்தோம். டிவிக்காரர்கள் படகுகளைப் படம் பிடித்துக்கொண்டு போனதோடு சரி. நல்ல நாளில் வீடு இப்படியா இருப்பது, தை பிறந்ததும் வளைகாப்பு வேறு. எங்கள் தெருவில் பெயிண்டரைக் கூப்பிட்ட முதல் ஆள் நான்.

அவர் வந்து என் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார். “சும்மா சுண்ணாம்பு அட்சா பத்து நாள்ல எண்ணெ மேல வந்து நிக்கும். பூச்ச பூரா செதுக்கி எடுத்துட்டு புதுசா பூசுனாதான் அடங்கும்” என்றார்.

“செதுக்குண்ணா.”

“செதுக்கலாம். ஒண்ணு சொல்றேன் கேளு. ஒரு செவுத்த மட்டும் இப்டியே வுட்டுடு. எவனாச்சும் வருவான். வந்து கேட்டா காட்டறதுக்கு இன்னா கீது நம்ப கையில?”

“எவன் வரப்போறான்? இந்நேரம் வராதவனா? வூட்ல விசேசம் வெச்சிகினு கறைய பாத்துகினு குந்தியிருக்க முடியுமா? மொத்தமா எடுத்துடு.”

அவர் சுவரை இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு உளியை எடுத்தார். அவர் சொன்னதை நான் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், மறக்கவில்லை. முக்கியமாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

என் வீட்டைப் பார்த்துவிட்டு எல்லோரும் வரிசை கட்டினார்கள். எதிர்வீட்டு அக்காவிடமும் அவர் அதையே சொல்லிப் பார்த்திருப்பார் என்று பின்னால் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளிடம் அவர் சொல்லவில்லை. முதல் வீட்டிலேயே, படித்தவன் என்று பெயர் எடுத்த நானே கேட்காதபோது மற்றவர்களிடம் வாயைக் கொடுப்பானேன் என்று விட்டிருக்கிறார். இரண்டு வாரம் ராப்பகலாகத் தெரு முழுக்கச் செதுக்கிப் பூசினார். எண்ணெய் ஊறிய பூச்சு மூட்டை மூட்டையாகக் குப்பை லாரியில் போயிற்று. அவர் பூசிய சுவரில் ஒரு வீட்டில்கூடக் கறை திரும்ப வரவில்லை. வேறு யாராவது வேலை செய்திருந்தால் நாலு வீட்டிலாவது வந்திருக்கும்.

அவர் வீட்டுக்கு நேரம் மிஞ்சவில்லை, சிமெண்டும் மிஞ்சவில்லை. இடுப்புக்குக் கீழே ஒட்டியிருந்த படங்களெல்லாம் எண்ணெயில் ஊறிப் போயிருந்தன. எண்ணெய்மேல் பசை நிற்காது. பரணில் இருந்த தினசரிக் காலண்டர் அட்டைகளை இறக்கி, கறையை மறைத்து வரிசையாக ஆணி அடித்து, அவற்றின்மேல் புதிதாகப் படம் ஒட்டினார். மேலே தப்பித்த படங்களோடு சேர்த்து ஒட்டியதில் அட்டை எது சுவர் எது என்று தெரியவில்லை. போகிக்கு முதல் நாள் முடித்தார். போய்ப் பார்த்தேன். கன்னியாகுமரிக்குக் கீழே இப்போது மணலும் கிளிஞ்சலும் இருந்தன. கம்பெனி கொடுத்த மான் அருவியில் தண்ணீர் குடித்தது.

“உள்ள அப்டியேதான் கீது. மூடிதான் வெச்சிகீறேன்” என்றார்.

தை மாதக் கடைசியில் வந்தார்கள். எண்ணெய் எந்தத் தெரு வரை வந்தது என்று பட்டியல் போட ஒரு இன்ஜினீயர். பட்டியலில் வரும் தெருக்களில் மண்ணை வாரி எடுத்துவிட்டு, பம்பை மூடி, வேறு குடிதண்ணீர்க் குழாய் போட்டுத் தருவார்களாம். எங்களுக்கு வேண்டியது அது ஒன்றுதான். இன்ஜினீயரோடு, காலண்டர் கொண்டுவந்த அதே ஆள் அதே அடையாள அட்டையோடு நின்றான்.

இன்ஜினீயர் என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டில் பார்த்தார். அடுத்த வீட்டில், அதற்கடுத்த வீட்டில். எல்லாம் பளிச்சென்று புதுப் பெயிண்ட். “இந்தத் தெரு நல்லா இருக்கே” என்றார்.

“பொங்கலுக்குப் புது வீடு மாதிரி வெச்சிருக்காங்க சார்” என்றான் கம்பெனி ஆள்.

நாங்கள் போனில் இருந்த போட்டோக்களைக் காட்டினோம். “வாட்ஸ்அப்ல ஆயிரம் வருது. இது இந்தத் தெருன்னு எப்படித் தெரியும்? தண்ணி வந்ததை நான் இல்லேன்னு சொல்லலை. எண்ணெய் வந்ததுக்கு அடையாளம் வேணும். சுவத்துல கோடு எங்கயாவது இருக்கா?” என்றார். பம்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டார். அதன் முடிவு இன்றுவரை எங்களுக்கு வரவில்லை.

“கீது சார்!” என்று கத்தியவன் நான். “கடைசி வூட்ல கீது, வாங்க!”

கடைசி வீட்டுக்கு அழைத்துக்கொண்டு ஓடினேன். தெருவே பின்னால் வந்தது. பெயிண்டர் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். இன்ஜினீயர் முன்னறையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். “அட, யாருய்யா பண்ணது?” என்று போனை எடுத்து ஒரு படம்கூடப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணா, இத எடுத்துடு. உள்ள கோடு கீதுல்ல, காட்டு” என்றேன்.

“தனியா எடுக்க வராதுப்பா. மேல கீறதோட சேத்து ஒட்டிகினு கீது. கிய்க்கணும்.”

“கிழிண்ணா.”

“மெய்யாலுமா சொல்ற?”

“தெருவுக்கே தண்ணி வரும்ணா. நான் சொல்றேன்ல, கிழி.”

அவர் ஒரு மெல்லிய பிளேடை எடுத்து ஓரத்தில் விட்டு மெதுவாக உரிக்கத் தொடங்கினார். இன்ஜினீயர் கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் ஆறு தெரு இருக்கு” என்றார். பெயிண்டர் பிளேடைக் கீழே போட்டுவிட்டுச் சுத்தியலின் பின்பக்கத்தை அட்டைக்குள் செருகி நெம்பினார். ஆணியோடு அட்டை வந்தது. அட்டையோடு மேலே இருந்த கடலும் ஏரியும் கிழிந்து வந்தன. அந்தக் கோட்டை அவர் எத்தனை நாள் இழுத்து இழுத்து ஒட்டினார் என்று எனக்குத் தெரியும். இரண்டு நிமிடத்தில் ஒரு சுவர் போயிற்று. அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

உள்ளே கோடு இருந்தது. இடுப்பளவுக்குக் கறுப்பாக, நேராக. வாடை குப்பென்று அறையை நிறைத்தது. தெருப் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம். “பாருங்க சார், பாருங்க” என்று சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினேன்.

கம்பெனி ஆள் சுவரைப் பார்க்கவில்லை. வாசலில் அடுக்கியிருந்த டப்பாக்களைப் பார்த்தான். அவன் ஏற்கெனவே ஒரு தடவை அவற்றைப் பார்த்தவன். “பெரியவரே, நீங்க பெயிண்டர்தானே?” என்று மரியாதையாகக் கேட்டான்.

“ஆமா.”

“டர்பன்டைன், வார்னிஷ், பழைய ஆயில் எல்லாம் வீட்லதான் வெச்சிருப்பீங்க. வெள்ளத்துல டப்பா கவுந்திருக்கும் சார். வேற எந்த வீட்லயும் இல்ல, இங்க மட்டும் இருக்குன்னா வேற என்ன?”

பெயிண்டர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. “டேய், இந்தக் கறைக்கு எத்தினி டிரம் வார்னிஷ் வேணும் தெரியுமாடா உனக்கு? நான் வேல செய்றது கையால, டேங்கர் லாரியால இல்ல.”

“மரியாதையாப் பேசுங்க” என்றார் இன்ஜினீயர். அவர் அளவெடுத்தார், எழுதினார். ஒரு வீட்டை வைத்துக்கொண்டு தெருவுக்கே வந்ததாக எழுத முடியாது, நாலைந்து வீட்டிலாவது இதே உயரத்தில் இருக்க வேண்டும் என்றார். ‘ஒரு வீட்டில் மட்டும் கறை, காரணம் உறுதியாகவில்லை’ என்று எழுதியதை எங்களுக்கே படித்துக் காட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள்.

போனவர்கள்மேல் காட்ட வேண்டிய கோபத்தை எங்கள் தெரு இருந்தவர்மேல் காட்டியது. எதிர்வீட்டு அக்காதான் ஆரம்பித்தாள்.

“எங்க வூட்டுதெல்லாம் செதுக்கி எட்துட்டு உன் வூட்ட மட்டும் பத்திரமா மூடி வெச்சிகினியா? எல்லாம் தெரிஞ்சிதான செஞ்ச? எங்களாண்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?”

பின்னாலிருந்து ஒருவன், “அவனுக்கு மட்டும் எதனா கெடைக்கும்னு பாத்துகினு இருந்துருப்பான்” என்றான். ஆளாளுக்குப் பேசினார்கள். போகிக்கு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களெல்லாம் அன்றைக்குக் கணக்குத் தீர்த்தார்கள்.

பெயிண்டர் என்னைப் பார்த்தார். ‘இவனாண்ட சொன்னேன், இவன்தான் கேக்கல’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானே சொல்லியிருக்கலாம். நான் குனிந்து தரையில் கிடந்த காகிதத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பொறுக்கி முடிக்கிறவரைக்கும் நிமிரவில்லை.

மறுநாள் காலையில் ஏழு மணிக்கெல்லாம் என் வீட்டு வாசலில் நின்றார். கையில் உளியும் சுத்தியலும். என் மனைவி அதற்குள் திரும்பி வந்திருந்தாள். டீ கொடுத்தாள். அதைக் குடிக்காமல் பேசினார். நேற்று நடந்ததைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

“நைனா, ராத்திரி பூரா ரோசன பண்ணேன். நான் செதுக்குனது பூச்ச மட்டுந்தான். எண்ணெ செங்கல்லயும் ஏறிருக்கும். பூச்ச ஒடச்சி செங்கல்ல காட்டுனா எவனும் வார்னிஷுன்னு சொல்ல முடியாது. அந்த இன்ஜினீரு இன்னும் நம்ப ஏரியாலதான் சுத்திகினு கீறான். மத்தவங்க என்னாண்ட பேசமாட்றாங்க. உன் வூட்ல ஒரு செவுரு ஒடைக்கறேன். அத பாத்துட்டு நாலு பேர் தானா வருவாங்க. அப்பால நானே பூசித் தர்றேன், கூலி வேணாம்.”

அவர் சொன்னது சரி என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அதனாலேயே கோபம் வந்தது. சுவரைப் பார்த்தேன். வளைகாப்புக்கு வந்தவர்களெல்லாம் மெச்சிவிட்டுப் போன சுவர். இளம் பச்சை.

“புள்ளத்தாச்சி இருக்கற வூட்ல செவுத்த இடிக்கக் கூடாதுண்ணா” என்றேன்.

“போன மாசம் செதுக்கும்போது புள்ள வயித்துல இல்லியா?”

 யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வேலைக்கு நேரமாயிற்று என்றும் சொன்னேன். நேற்று கிழி என்றபோது அவர் என்னிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. அதை அவர் சொல்லிக்காட்டவும் இல்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டையில் ஒருவேளை இடித்துத் தொலையுங்கள் என்று சொல்லியும் இருப்பேன். அந்த வழியையும் அவர் எனக்கு வைக்கவில்லை.

எழுந்தார். போகிற வழியில் என் சுவர்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தார். எங்கேயும் கை தட்டவில்லை. “நல்லாதான் பூசிகீறேன்” என்றார். உளியை லுங்கியில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார்.

பட்டியல் வந்தபோது எங்களுக்கு அந்தப் பக்கம் இரண்டு தெரு, இந்தப் பக்கம் ஒரு தெரு இருந்தது. நாங்கள் இல்லை. பெயிண்டர் அந்தச் சுவரை மறுபடி மூடவில்லை. ஆடியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பம்பில் இன்னும் அந்த வாடைதான். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறோம், குளிக்க அதையேதான் அடிக்கிறோம். என் பெண்ணுக்கு இரண்டரை வயது முடிந்துவிட்டது. முழங்கால் மடிப்பிலும் கழுத்திலும் தடிப்பு, ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு அழுகிறாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னறையில் நடக்கிறேன். சுவரில் ஒரு விரிசல் இல்லை, ஒரு பொருக்கு உதிரவில்லை.